நாலு சக்கரம், நாலு கால்!

உலகத்தில் ஒரு ரகம் ஜனங்கள் இருக்கிறார்கள். நாமெல்லாம் மே மாதம் வந்தால் ஊட்டி, கொடைக்கானல் என்று குளிரைத் தேடி ஓடுகிறோம். அவர்கள் நவம்பர் வந்தால் வெயிலைத் தேடித் தெற்கே ஓடுகிறார்கள். ஓடும்போது கட்டில், அடுப்பு, கக்கூஸ் சகலத்தையும் கூடவே எடுத்துப் போகிறார்கள். காரணம், அவர்கள் ஓட்டுவதே வீட்டைத்தான்! ஸ்டியரிங்கில் ஐயா, பக்கத்தில் அம்மா, நடுவில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாய்.

இந்த வண்டிக்கு மோட்டார் ஹோம் என்று பெயர். நம்மூரில் கேரவன் என்றால் சினிமா நடிகர் மேக்கப் போட்டுக்கொண்டு, டைரக்டரைக் காக்க வைக்கிற வண்டி. வெளிநாட்டில் அது ரிடையரான குமாஸ்தாவும் வாங்குகிற வண்டி. ஜெர்மனிக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பெயின், மொராக்கோ என்று இறங்குவார்கள். அமெரிக்கா, கனடாவின் வடபகுதிக்காரர்கள் ஃபுளோரிடா, அரிஸோனா பக்கம். இவர்களுக்கு அங்கே செல்லப் பெயர், 'பனிப்பறவைகள்'.

இந்தப் பறவைகளுக்கும் கணக்கு வழக்கு உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், வருடத்தில் 153 நாளாவது உள்ளூரில் இருந்தால்தான் அரசாங்க மருத்துவ இன்ஷூரன்ஸ் நிற்கும். அதனால் ஃபுளோரிடா கடற்கரையில் படுத்துக்கொண்டு காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். மிச்சமிருக்கிற கேஷுவல் லீவை டிசம்பர் மாதம் எண்ணிப் பார்க்கிற உங்களுக்கு அந்த வலி புரியும்!

நிஜப் பறவைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே ஊசுட்டேரி இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலமும் வடக்கேயிருந்து வாத்தும் உள்ளானும் வந்து இறங்கும். விசா இல்லை, வாடகை இல்லை, முக்கியமாக, கூட நாய் இல்லை.

சமாசாரமே அந்த நாயில்தான் இருக்கிறது.

நாயோடு வண்டியில் ஊர் சுற்றியவர்களில் ரொம்பப் பிரபலமானவர் ஜான் ஸ்டெய்ன்பெக். 1962-ல் இலக்கியத்துக்கு நோபல் வாங்கிய அமெரிக்க எழுத்தாளர். 1960 செப்டம்பரில், 58 வயதில், ஒரு டிரக்கின் முதுகில் சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு, டான் குவிக்ஸோட்டின் குதிரையான 'ரோஸினான்டே'யின் பெயர். துணைக்கு சார்லி என்ற பூடில் நாய். சார்லி பிறந்தது பாரிஸ் பக்கம். ஆகவே பிரெஞ்சில் சொன்னால்தான் சட்டென்று புரியும்! புதுச்சேரிக்கு வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் நடுவழியில் சார்லிக்கு உடம்பு சரியில்லாமல் போக, எழுத்தாளர் தேசத்தை ஆராய்வதை விட்டுவிட்டு வெட்னரி டாக்டரைத் தேடி அலைந்தார். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவன் பயணத்துக்கு முதலாளி நாய்தான்.

சரி, புதுச்சேரிக்கு வருவோம்.

ஐரோப்பாவிலிருந்து ரோடு வழியாகவே இங்கே வருவது ஒன்றும் புதுசு இல்லை. 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 'இண்டியாமேன்' என்று ஒரு பஸ்ஸே விட்டார்கள். டிக்கெட் 85 பவுன். ஏப்ரல் 15 கிளம்பி ஜூன் 5 வந்து சேர்ந்தது. (நம்ம ஊரில் அரைமணி லேட்டுக்கு டிரைவரைத் திட்டுகிறோம்!) அப்புறம் ஹிப்பிக் கூட்டம். இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர் என்று ஃபோக்ஸ்வேகன் வேன்களில் உருண்டு வந்தார்கள். 1968-ல் ஆரோவில் ஆரம்பமானதும், அடுத்த வருடமே பாரிஸிலிருந்து ஒரு கோஷ்டி தரை வழியாகவே வண்டிகளில் கிளம்பி இங்கே வந்து இறங்கியது.

1979-ல் இரானில் புரட்சி. அதே வருடக் கடைசியில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் ராணுவம். காபூல் வழி அத்தோடு சரி. இருந்தாலும் விடாக்கண்டர்கள் பலூசிஸ்தான் பாலைவனம், குவெட்டா, லாகூர், வாகா என்று வந்துகொண்டுதான் இருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பு நிழலில் ஜெர்மன் நம்பர் பிளேட்டோடு நின்ற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், அட்டாரி சோதனைச் சாவடியை மூடுவதாக இந்தியா அறிவித்தது. நாடுகள் சண்டை போட்டால் முதலில் நிற்பது ரோடு.

அந்த வண்டிகளைப் பார்ப்பதே ஒரு தமாஷ். ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் போகிற லாரியை ஓவர்டேக் பண்ண வேண்டுமானால் ஐயாவுக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற அம்மா எட்டிப் பார்த்து, 'போ, போகாதே' என்று சொல்ல வேண்டும். அதாவது நம்ம பஸ் கண்டக்டர் உத்தியோகம். விசில் மட்டும்தான் பாக்கி.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு வண்டியைவிட அதன் பேப்பர்கள் மேல்தான் ஆசை. இந்த வண்டிகளுக்கு 'கார்னே' என்று ஒரு புஸ்தகம் உண்டு. வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே ஆட்டோமொபைல் கிளப்பில் ஜாமீன் கட்டி வாங்க வேண்டும். தேசத்துக்குள் நுழையும்போது ஒரு சீட்டு கிழிப்பார்கள், வெளியே போகும்போது இன்னொன்று. வண்டியை வெளியே எடுத்துப் போகாமல் இங்கேயே விட்டுவிட்டால் ஜாமீன் பணத்துக்கு ஆபத்து. உள்ளே வந்தது ஒரு பக்கம், வெளியே போனது ஒரு பக்கம். இரண்டும் டாலி ஆக வேண்டும். சாட்சாத் டபுள் என்ட்ரி புக் கீப்பிங்!

ஆக, ஐந்து டன் வண்டிக்கு வழி இருக்கிறது. பதினைந்து கிலோ நாய்க்கு?

ஐரோப்பாவில் நாய்க்கும் நிஜமாகவே பாஸ்போர்ட் இருக்கிறது. நீல அட்டை போட்ட புஸ்தகம், ஊசி போட்ட விவரம் எல்லாம் அதில். அதை வைத்துக்கொண்டு ஸ்வீடனிலிருந்து ஸ்பெயின் வரை கேள்வி கேட்பாரில்லாமல் போகலாம். இங்கே அந்தப் பருப்பு வேகாது. 2013-ல் வந்த உத்தரவுப்படி, வெளிநாட்டில் இரண்டு வருடமாவது இருந்துவிட்டுக் குடிபெயர்ந்து வருகிறவர்தான் செல்ல நாயைச் சாமான்களோடு கூட்டி வரலாம். ஆளுக்கு இரண்டு. நாலு மாதம் வெயில் காய டூரிஸ்ட் விசாவில் வருகிறவர் சாதாரணமாக நாயை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

நாய் வளர்த்தவன் நாயில்லாமல் எத்தனை நாள் இருப்பான்? இங்கே வந்ததும் ஒரு தெரு நாயைப் பிடித்துக்கொள்கிறான்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். வாசலில் ஒரு செவலை நாய், வால் நுனியில் மட்டும் வெள்ளை. நாங்கள் 'மணி' என்போம். ஒரு டிசம்பரில் வந்து தங்கிய பிரெஞ்சுத் தம்பதி அதற்கு 'ஷெரி' என்று பெயர் வைத்தார்கள். எந்தப் பெயருக்கும் பேதமில்லாமல் வாலாட்டியது மணி. காலையில் பிரெட், மத்தியானம் சிக்கன், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வாக்கிங். கழுத்தில் சிவப்புப் பட்டை. டீக்கடை மாஸ்டர் பொறாமையோடு, "நம்ம பொழப்புக்கு அது பொழப்பு தேவல ஸார்" என்பார்.

மார்ச் மூன்றாவது வாரம் அவர்கள் டாக்ஸியில் ஏறிப் போனார்கள். அந்தம்மா அழுதுகொண்டேதான் போனார். அதில் பொய் இல்லை.

மணி அதற்கப்புறம் அந்தக் கேட்டை விட்டு நகரவில்லை. எந்தக் கார் வந்து நின்றாலும் கதவு திறக்கிற வரை வாலாட்டும். இறங்குகிறவரை மோந்து பார்க்கும். அப்புறம் பழைய இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். டீக்கடை மாஸ்டர் பொறை பிஸ்கட் போட்டால் தின்னாது. ஏப்ரல் வெயிலில் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மே மாதம்தான் மாஸ்டரிடம் வந்து சேர்ந்தது.

"கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே?" என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு.

இந்தியாவிலிருந்து ஒரு நாயை ஐரோப்பிய யூனியனுக்குக் கொண்டுபோக முதலில் தோலுக்கடியில் மைக்ரோ சிப். பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. (குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் நிறைந்திருக்க வேண்டும்.) ஊசி போட்டு முப்பது நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த லேபில் பரிசோதனை. ஊசி வேலை செய்திருக்கிறது என்று ரிசல்ட் வந்தாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஏன்? ஊசிக்கு முன்பே நோய் உள்ளே புகுந்திருந்தால் வெளியே தெரிய அவகாசம் கொடுக்கிறார்கள். கெடுபிடி இல்லை, நியாயம்தான்.

கூட்டிப் பாருங்கள். டிசம்பர் 1 ஊசி. டிசம்பர் 31 ரத்தம். மார்ச் 31 பயணம். அப்படியே ஒரு நிதியாண்டு முடிகிற தேதி! வெயில் காய வந்தவர் தங்குவதும் கிட்டத்தட்ட நாலு மாதம். அதாவது, நாயைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் முதல் பிஸ்கட்டைப் போடுகிற அன்றைக்கே முடிவு பண்ணியாக வேண்டும். மார்ச் மாதம் பெட்டி கட்டும்போது பாசம் பொங்கினால் லாபமில்லை. பாசத்துக்கு முன்தேதி போட முடியாது.

வெளிநாட்டுக்காரர்களை மட்டும் சொல்வானேன்? நம்ம பேச்சலர் பையன்கள் என்ன வாழ்கிறதாம்? நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு வீடு எடுப்பார்கள். மழைக்கு ஒதுங்கிய குட்டி ஒன்று மாடிப்படியில் குடியேறும். பரோட்டா, பால், போட்டோ எல்லாம் ஆகும். ஆறு மாதத்தில் ஒருத்தனுக்கு பெங்களூர் டிரான்ஸ்ஃபர், ஒருத்தனுக்குக் கல்யாணம். வீட்டைக் காலி பண்ணும்போது பிளாஸ்டிக் பக்கெட்டைக்கூட ஞாபகமாக எடுத்துப் போகிறார்கள். குட்டி மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கும்.

நாயோடு பயணம் போவது நம்மூரில் முடியாத காரியமும் அல்ல. ரயிலில் ஏ.ஸி. முதல் வகுப்பில் இரண்டு பேர் கூப்பேயையோ நாலு பேர் கேபினையோ முழுசாக எடுத்தால் நாயும் கூட வரலாம். இல்லையென்றால் பார்சல் ஆபீஸில் புக் பண்ணி, கார்டு வேனில் இருக்கிற கூண்டில். ஏ.ஸி. டூ டயர், த்ரீ டயர், ஸ்லீப்பர் எதிலும் கூடாது. கார் என்றால் நிறைய சௌகரியம். புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 600 கிலோமீட்டர். இரண்டு மணிக்கொரு தரம் நிறுத்தி, தண்ணீர் காட்டி, தடுப்பூசிக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் சுகமாகப் போகலாம். ஒன்றே ஒன்று: கண்ணாடியை ஏற்றிவிட்டு நாயை உள்ளே வைத்துப் பூட்டி நீங்கள் மட்டும் சாப்பிடப் போகாதீர்கள். வெயிலில் நிற்கிற கார் சில நிமிஷத்தில் அடுப்பாகிவிடும். மார்கழி வெயிலானாலும் அதே கதைதான்.

கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்திருக்கிறது. நம் பக்கமும் வாடகைக்கு வண்டி எடுத்து ஊர் சுற்றுகிற காலம் வரட்டும். கிளம்பும் முன் கொஞ்சம் வானத்தைப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மோட்டார் ஹோம் படகாகியிருக்கும்!

வண்டிக்கு கார்னேயில் உள்ளே ஒரு முத்திரை, வெளியே ஒரு முத்திரை. ஜாமீன் கட்டியவன் அதை மறக்க மாட்டான். நாய் எந்த ஜாமீனும் கேட்பதில்லை. பேரேட்டில் அந்தப் பக்கம் எழுத வேண்டியது நாம்தான். போகும்போது என்ன செய்வோம் என்று தெரிந்துகொண்டு பிஸ்கட் போடுங்கள். கூட்டிப் போக முடியாதா? பரவாயில்லை. ஒரு தடுப்பூசி, ஒரு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், சோறு வைக்கச் சம்மதித்த ஒரு டீக்கடை மாஸ்டர். இந்த மூன்றையும் ஏற்பாடு பண்ணிவிட்டு டாக்ஸியில் ஏறுங்கள்.