ஓட்டு போகும் பாதை – 9
மாதனூர்: நான்கு மாதத்தில் இரண்டு தீர்ப்பு

சென்ற வாரம் குடியாத்தத்தில் இருந்தோம். முதலமைச்சரான கையோடு காமராஜர் சட்டமன்றத்துக்குப் போக 1954 இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஊர். இந்த வாரம் பாலாற்றைத் தாண்டி மாதனூர்.

தாண்டுவது என்ன லேசா? 2021 நவம்பர் வெள்ளத்தில் இரண்டு ஊரையும் இணைத்த தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. வருஷக்கணக்கில் மணல் குழியும் தோல் ஷாப் கழிவுமாகக் கிடந்த ஆறு அது. இந்தக் கரையில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் கொள்கை பேசுவதற்கு முன்னால் பாலத்தைத்தான் பேச வேண்டியிருக்கும்.

வெளியூரிலிருந்து வரும் அரசியல் நிபுணர்களுக்கு, மாதனூர் இருக்கும் இந்த ஆம்பூர் பக்கம் என்றால் கணக்கு சுலபம். முஸ்லிம் ஓட்டு இவ்வளவு, தலித் ஓட்டு இவ்வளவு, வன்னியர், முதலியார் இவ்வளவு என்று கூட்டிக் கழித்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கணக்கு எத்தனை தடவை இடறியிருக்கிறது என்று பாருங்கள். 2008 மறுசீரமைப்பில் மீண்டும் உயிர்பெற்ற ஆம்பூர் தொகுதியில் 2011இல் ஜெயித்தது மனிதநேய மக்கள் கட்சியின் அஸ்லம் பாஷா. அப்போது அந்தக் கட்சி இருந்தது அ.தி.மு.க. அணியில். 2016இல் அதே கட்சி தி.மு.க. அணிக்கு வந்து நசீர் அகமதை நிறுத்தியது, அ.தி.மு.க.வின் பாலசுப்பிரமணி சுமார் 28 ஆயிரம் ஓட்டில் அவரைத் தோற்கடித்தார். கட்சி அதேதான், ஊரும் அதேதான். மாறியது அணி மட்டும்.

அந்த பாலசுப்பிரமணி டி.டி.வி. தினகரன் பக்கம் போய், 2017 செப்டம்பரில் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் ஒருவரானார். ஆம்பூருக்கு இடைத்தேர்தல் வந்தது. மக்களவைத் தேர்தலோடு சேர்த்து 2019 ஏப்ரல் 18 என்று தேதி குறித்தார்கள்.

இங்கேதான் வேலூருக்கே உரிய கூத்து. காட்பாடிப் பக்கம் தி.மு.க. பிரமுகர் ஒருவரோடு தொடர்புடைய கிடங்கில் வருமான வரித் துறை 11 கோடிக்கு மேல் ரொக்கம் பிடித்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, ஏப்ரல் 16ஆம் தேதி, ஆம்பூரும் குடியாத்தமும் அடங்கிய வேலூர் மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்து. பண விவகாரத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதித் தேர்தலே நிறுத்தப்பட்டது நாட்டில் அதுதான் முதல் தடவை. ஆனால் சட்டமன்ற இடைத்தேர்தல் நிற்கவில்லை. அன்று இடைத்தேர்தல் நடந்த மற்ற ஊர்களில் ஆளுக்கு இரண்டு பட்டன் அழுத்தினார்கள். ஆம்பூரிலும் குடியாத்தத்திலும் ஒன்றுதான். டெல்லிக்கு ஆள் அனுப்பப் பணம் கொடுத்தால் ஊழல், கோட்டைக்கு ஆள் அனுப்பக் கொடுத்தால் பரவாயில்லையா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

இடைத்தேர்தலில் தி.மு.க.வின் வில்வநாதன் சுமார் 37 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். ஆகஸ்ட் 5ஆம் தேதி அதே வாக்காளர்கள் மக்களவைக்காக மறுபடி வரிசையில் நின்றார்கள். தி.மு.க.வுக்குக் கதிர் ஆனந்த்; எதிரே அ.தி.மு.க.வின் இரட்டை இலையில் புதிய நீதிக் கட்சியின் ஏ.சி. சண்முகம். ஆம்பூர்த் தொகுதியில் தி.மு.க.வின் முன்னிலை எட்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை!

எங்கே போயின அந்த ஓட்டுகள்? ஏப்ரலில் தனியாக நின்ற தினகரனின் அ.ம.மு.க. ஆகஸ்டில் களத்தில் இல்லை; அந்தப் பக்கம் போன ஓட்டில் ஒரு பகுதி இலைக்கே திரும்பியிருக்கும். சண்முகம் 2014இலேயே இங்கே நின்று ஊர் ஊராகப் பழகியவர். அதைவிட முக்கியமாக, மோடியா ராகுலா என்ற கேள்வி மே மாதமே முடிந்துவிட்டது. ஷூ கம்பெனியில் தையல் போடும் பெண்ணுக்கு ஆகஸ்டில் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. இரண்டு ஆளில் யார் தேவலை என்று மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கணிப்பு.

இதையும் சொல்ல வேண்டும்: முத்தலாக் மசோதா நிறைவேறிய சில நாளில் நடந்த தேர்தல் அது. வாக்குப்பதிவு அன்றுதான் காஷ்மீரின் 370ஆவது பிரிவு மாநிலங்களவைக்கு வந்தது. கதிர் ஆனந்த் மொத்தத்தில் ஜெயித்தது 8,141 ஓட்டில். முஸ்லிம் ஓட்டு கணிசமாக உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய மூன்றும் கொடுத்த முன்னிலைதான் அவரைக் கரை சேர்த்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கக் குடியாத்தம் சண்முகத்துக்குக் கைகொடுத்தது. ஆக, சமுதாயக் கணக்கு பொய்யில்லை. நெருக்கடியான நேரத்தில் வேலை செய்கிறது, மற்ற நேரத்தில் தூங்குகிறது.

மாதனூர் ஒன்றியத்தின் கடுமையான தேர்தலோ கட்சிச் சின்னமே இல்லாத தேர்தல். 2021 அக்டோபர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில், மலைமேல் உள்ள நாயக்கனேரி ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சமூகப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பழங்குடியினர் பெரும்பான்மையாக உள்ள ஊர் எதிர்த்தது, தேர்தலைப் புறக்கணித்தது. ஒரே ஒரு பெண் மனு போட்டார், போட்டியின்றி வென்றார். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஜெயித்தவரால் பதவியேற்க முடியவில்லை.

கட்சிகள் இதை அடக்கியே வாசித்தன. யார் பக்கம் பேசினாலும் இன்னொரு பக்கத்து ஓட்டு போய்விடும் அல்லவா? மாதனூரின் அரசியலை அறிய விரும்புகிற நண்பர்கள் ஆம்பூர் பஜாரில் இறங்கிக் கட்சிக் கொடிகளை எண்ணிக்கொண்டிருக்காமல், முதலில் அந்த மலைக்கு ஏறிப் போய்வரட்டும்.

(அடுத்த வாரம்: வாணியம்பாடி)