பவர் கேபிளை மாத்தினா பாட்டு மாறுமா? காசு போடும் முன் இதைப் படிங்க!

காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதி ஆற்றுப் பக்கம் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம். 'ஜினகாஞ்சி' என்றும் பெயர். அங்குள்ள சமணக் கோயிலில் 1387-ல் கட்டிய சங்கீத மண்டபம் உண்டு. கரன்ட் இல்லாத காலத்து மண்டபம் அது. இன்றைக்கு வீட்டில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் வாங்கி வைத்தால் கதையே வேறு. "கூட வந்த பவர் கேபிள் வேஸ்ட். இதைப் போடுங்க, பேஸ் சும்மா இறங்கும்" என்று போனில் விளம்பரம் வந்து நிற்கும். விலை சில ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டும். உண்மையிலேயே வித்தியாசம் கேட்குமா?

பாட்டு எந்த வழியில் போகுது?

முதலில் ஒரு விஷயம்: பவர் கேபிள் வழியாகப் பாட்டு போவதே இல்லை. அதில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம் மட்டும்தான். ஆம்ப்ளிஃபையருக்குள் அந்த வோல்டேஜ் குறைந்து, டி.சி.யாக மாறி, கெபாசிட்டர்களில் ஏற்ற இறக்கம் சமமான பிறகுதான் ஒலிக்கான வேலை தொடங்குகிறது.

சின்னதா ஒரு கணக்கு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட சாதாரண கேபிள், நீளம் ஒன்றரை மீட்டர். போக, வர 3 மீட்டருக்கு மின்தடை சுமார் 0.04 ஓம். ஆம்ப்ளிஃபையர் 1 ஆம்பியர் இழுத்தால் கேபிளில் குறைவது 0.04 வோல்ட். ஆனால் லைன் வோல்டேஜே 6 சதவீதம், அதாவது சுமார் 14 வோல்ட் வரை ஏறி இறங்க விதிகளில் இடமுண்டு. அதையே சமாளிக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு இந்த 0.04 ஒரு பொருட்டே இல்லை. தெரு டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர், சுவருக்குள் ஓடும் வயர் என எல்லாம் பழசாகவே இருக்க, கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் மாற்றி என்ன ஆகப்போகிறது?

'ஆனா எனக்கு கேட்குதே!'

பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. காசு கொடுத்து வாங்கியது நல்லாத்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு காதையும் பாதிக்கும். பிளக்கைக் கழற்றி மாட்டும்போது லூஸ் கான்டாக்ட் சரியாகி, கேபிளுக்குப் பேர் கிடைப்பதும் உண்டு.

காஞ்சிப் பட்டு நெய்கிற ஊர்களுக்கு இது புதுசில்லை. போலி ஜரிகையும் கண்ணுக்கு மின்னும். அதனால்தான் வெள்ளி, தங்கம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்க்கிறார்கள். கேபிளுக்கு அந்த மெஷின், 'பிளைண்ட் டெஸ்ட்'. எந்த கேபிள் ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுச் சொல்ல வேண்டும். 2004-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஆடியோ பிரியர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். சாதாரண கேபிளும் நார்டோஸ்ட் நிறுவனத்தின் விலை உயர்ந்த கேபிளும் மோதின. 149 முயற்சிகளில் சரியான பதில் 73. அதாவது 49 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் ஏறக்குறைய இதுதான் வரும்.

அப்போ எதைக் கவனிக்கணும்?

* 'ம்ம்ம்' என்ற ஹம் சத்தம்: பெரும்பாலும் எர்த் லூப் பிரச்சினை. டிவிக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்க. சத்தம் நின்றால் காரணம் அதுதான். டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே எர்த் உள்ள போர்டில் மாட்டினாலும் குறையலாம்.
* எர்த் பின்: ஹம் போகட்டும் என்று மூன்று பின் பிளக்கில் எர்த்தை உடைப்பதோ, இரண்டு பின் அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. உள்ளே லீக்கேஜ் வந்தால் ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறதா? உடனே ஆஃப் செய்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்க.
* சூடு: கேபிளோ பிளக்கோ சூடானால், உறை கிழிந்தால், பிளக் ஆடினால் கட்டாயம் மாற்றுங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை, தேவையான ஆம்பியர் அளவு இருந்தால் போதும்.
* டிக், கிர் சத்தம்: மோட்டார், ஃபேன் ரெகுலேட்டர் ஓடும்போது மட்டும் வந்தால், அதற்கென உள்ள லைன் ஃபில்டர் உதவலாம்.

கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கா? நல்ல ஸ்பீக்கருக்கோ, அறையில் எதிரொலியைக் குறைக்கும் கனமான திரைச்சீலை, கம்பளத்துக்கோ போடுங்க. வித்தியாசம் காதுக்கே தெரியும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்துப் பாருங்க, பேஸ் மாறும். அதற்குச் செலவே இல்லை.

அப்புறமும் கேபிள் வாங்க ஆசையா? வீட்டில் ஒருவரை, உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றச் சொல்லுங்க. ஒவ்வொரு முறையும் ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிய பிறகுதான் மாற்றணும். பத்து தடவையில் ஒன்பது தடவையாவது சரியாகச் சொன்னால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.