லென்ஸுக்குள் ஒரு வார மருந்து... தெரியுமா?

கிளாக்கோமாவுக்கு விடுகிற சொட்டு மருந்தில் எவ்வளவு கண்ணுக்குள் இறங்குகிறது தெரியுமா? நூற்றில் ஐந்து பங்குகூட இல்லை! ஒரு சொட்டு என்பது சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணில் இயல்பாக நிற்கிற கண்ணீரோ 7, 8 மைக்ரோலிட்டர்தான். இமை ஒருமுறை மூடித் திறந்தால் போதும், மிச்சமெல்லாம் கன்னத்தில் வழியும்; அல்லது கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஊசித்துளை வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் போய் ரத்தத்தில் கலக்கும். டிமோலால் என்ற கிளாக்கோமா சொட்டை விட்ட ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இரைப்பது இதனால்தான். கண்ணில் விட்டது நுரையீரலைப் போய்ப் பிடிக்கிறது!

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பார்வை நரம்பு பழுதாகும். இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் வலியே இருக்காது. ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது. மிஞ்சியதைக் காப்பாற்றத்தான் ஆயுள் முழுக்கச் சொட்டு. அதுவும் கை நடுங்குகிற வயதில், குறி தப்பாமல், தினமும்!

சரி, மருந்தையே லென்ஸில் வைத்துக் கண்ணில் மாட்டிவிட்டால்? இந்த யோசனைக்கு வயது அறுபது! மென்மையான கான்டாக்ட் லென்ஸை உருவாக்கிய செக் வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே, அரசு அந்த லென்ஸ் திட்டத்தைக் கைவிட்ட பிறகு, 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகள் இணைத்து விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே இயந்திரம் செய்து லென்ஸ் வார்த்தார். தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் அந்த லென்ஸின் ஹைட்ரோஜெல் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று 1960களிலேயே காப்புரிமையில் எழுதியும் வைத்தார். 1970களில் பைலோகார்பைன் மருந்தில் லென்ஸை ஊறவைத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கியது. ஆனால் மருந்து சில மணி நேரத்திலேயே வெளியேறித் தீர்ந்தது!

அந்த அவசரத்துக்குக் கடிவாளம் போட்டவர்கள் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள். ஜோசப் சியோலினோ, டேனியல் கோஹேன் குழு, லேடனோப்ராஸ்ட் மருந்தை ஒரு மெல்லிய பாலிமர் படலத்தில் கலந்து, வளையமாக லென்ஸுக்குள் புதைத்தது. கரையும் தையல் நூல் இருக்கிறதே, அதே வகைப் பாலிமர்தான்! நடுவில் படலம் இல்லாததால் பார்வைக்கு மறைப்பில்லை. கிளாக்கோமா உள்ள குரங்குகளுக்கு மாட்டிப் பார்த்தார்கள். குறைந்த அளவு மருந்து வைத்த லென்ஸ் தினசரிச் சொட்டுக்குச் சளைக்கவில்லை. கூடுதல் அளவு வைத்தது சொட்டையே மிஞ்சியது! 2016-ல் வெளியான முடிவு இது. ஒரே லென்ஸ், ஒரு வாரம்! எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வேறில்லை.

வைட்டமின் ஈ இங்கே என்ன செய்கிறது தெரியுமா? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌகான் குழு அதை லென்ஸுக்குள் ஏற்றியது. வரப்புகளைச் சுற்றி வளைந்து போகிற வாய்க்கால் தண்ணீர்போல, மருந்து வைட்டமின் ஈ போட்ட தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 2014-ல் நானோ வைரத் துகள்களிலேயே டிமோலாலைப் பூட்டினார்கள். சாவி எது? நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் என்ற நொதி! 2022-ல் சீன ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி ஏறினார்கள்: அழுத்தத்தை அளந்து, ஏறினால் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தும் லென்ஸ். முயல் கண்ணில் வேலை செய்தது!

மருந்து வைத்த லென்ஸ் கடைக்கே வந்தது, தெரியுமா? ஒவ்வாமையால் வரும் கண் அரிப்புக்கு, கீட்டோடிஃபென் கலந்தது. 2021-ல் ஜப்பானும் 2022-ல் அமெரிக்காவும் அனுமதித்தன. கிளாக்கோமா லென்ஸ் இன்னும் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே தயவுசெய்து சொட்டை நிறுத்தாதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு சொட்டே போதும், இரண்டாவது வழிந்துதான் போகும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரலால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். இரண்டு வகைச் சொட்டு இருந்தால் நடுவே ஐந்து நிமிடமாவது விடுங்கள்.