காசுமாலை பாலிக்குப் போகலாமா?

அத்தை பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தாள். நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, எல்லாம் வழக்கம்போலத்தான். இடம் என்ற வரியில் மட்டும் ‘உலுவாத்து, பாலி’ என்றிருந்தது. “வச்சுட்டுப் போனவங்ககிட்ட என்ன கேக்கணும்னுகூடத் தோணலடா” என்றாள். மாமா அதற்குள் கடற்கரைத் தொப்பி வாங்கியாகிவிட்டது.

முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொன்னேன். இந்தோனேசியாவில் இறங்கும் நாளிலிருந்து அது குறைந்தது 6 மாதமாவது செல்ல வேண்டும். மாமாவுடையதில் நான்கு மாதம்தான் பாக்கி. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருப்பதால் பிழைத்தார்.

அத்தையுடையதில் வேறு சிக்கல், நம் ஊருக்கே உரியது. ஒரே பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலி. டிக்கெட் போடும் தளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பினால்தான் நகரும். அவசரத்தில் அங்கே இனிஷியலையோ வீட்டுக்காரர் பெயரையோ தட்டிவிட்டால், விமான நிலையக் கவுன்ட்டரில் பதில் சொல்லி மாளாது. ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டாரே மொத்தமாக டிக்கெட் போடுவதென்றால், பெயரை போனில் சொல்லாமல் பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.

விசாவுக்கு அலைச்சல் இல்லை. அங்கே போய் இறங்கியும் வாங்கலாம், இணையத்தில் முன்னாலேயே வாங்கி வைக்கலாம். 30 நாளுக்கு 5 லட்சம் ருப்பையா. பாலி மாகாணம் 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் 1.5 லட்சம் தனி. “லட்சமா!” என்று டம்ளரை வைத்துவிட்டாள் அத்தை. ஒரு லட்சம் ருப்பையா நம் பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம்தான் என்றதும் மறுபடி எடுத்தாள்.

“சரி, நகை?” என்றாள். இதற்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

காசுமாலையைக் கொண்டுபோவதில் தடை இல்லை. தொல்லை திரும்பி வரும்போதுதான். கழுத்தில் புதுப் பளபளப்போடு மாலை கிடந்தால், இது இங்கிருந்து போனதா, அங்கே வாங்கினதா என்று நம் ஊர்ச் சுங்க அதிகாரி கேட்பார். ‘என் கல்யாணத்துக்குப் போட்டது’ என்பது பதிலாகாது. போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் இந்த வழக்கே இல்லை. பில் இருந்தால் பில். பாட்டி காலத்து நகைக்கு பில்லுக்கு எங்கே போவது? மதிப்பீட்டாளரிடம் எடை, தரம் எழுதி வாங்கி, படத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். அதிகாரி நகையைப் பார்த்துத்தான் எழுதுவார். அதனால் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். இதற்கென்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள். என்னைக் கேட்டால் காசுமாலை லாக்கரில் இருக்கட்டும். அத்தை என்னைக் கேட்கவில்லை.

அவள் நீட்டிய சாமான் பட்டியலில் மூன்றை அடித்தேன். கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும், விமானத்தில் ஏற்றக் கூடாது. கொப்பரையும் அப்படியே, அதன் எண்ணெய்தான் காரணம். மூன்றாவது கசகசா. இவர்கள் சிங்கப்பூரில் விமானம் மாறுகிறார்கள். நம் குருமாச் சாமான் அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். முகூர்த்தப் பட்டும் கைப்பையில்தான். பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தால் நைட்டியோடு அட்சதை போட முடியாது.

“வெற்றிலை பாக்காவது கொண்டுபோகலாமா?”

வேண்டியதில்லை. பாலிக்காரர்கள் தினமும் வாசலில் ஓலைத் தட்டில் பூ வைத்துப் படைப்பார்கள், சனாங் சாரி என்று பெயர். அதற்குள்ளும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புதான். கடை வாசல், நடைபாதை என்று எங்கும் கிடக்கும். மிதிக்காமல் நடக்க வேண்டும். கோயிலுக்குள் இடுப்பில் துணி சுற்றித்தான் விடுவார்கள், தீட்டுக் கட்டுப்பாடும் உண்டு. இதையெல்லாம் அத்தைக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? உலுவாத்துக் கோயில் குரங்குகளைப் பற்றி மட்டும் மாமாவிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு, தின்னக் கொடுத்தால்தான் திருப்பித் தரும். தொப்பியும் பத்திரமில்லை.

பத்திரிகையில் முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றிருந்தது. எந்த ஊர் 9? பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நம் நேரம் என்றால் அங்கே பதினொன்றரை. ராகுகாலமே சூரிய உதயத்தை வைத்துக் கணக்கிடுவது, ஊருக்கு ஊர் மாறும். கல்யாண வீட்டில் கேட்டால், “அட, நாங்களே கேக்கலையே, ஜோசியரைக் கேட்டுச் சொல்றோம்” என்றார்கள்.

அறை அவர்கள் செலவு, டிக்கெட் நம் செலவு என்பதையும் அதே போனில் கேட்டுத் தெளிந்தாயிற்று. கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அப்புறம் வருஷக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். அறையில் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜில் எடுத்துக் குடித்தால் அது மட்டும் நம் கணக்கு. மொய்யை ஊருக்கு வந்து வரவேற்பில் எழுதிக்கொள்ளலாம். குத்துவிளக்கைக் கடல்தாண்டித் தூக்கிப்போய்க் கொடுத்தால், அதை அவர்கள் மறுபடி தூக்கிவர வேண்டும்.

டீ ஆறிவிட்டிருந்தது. அத்தை பட்டியலை மடித்து பர்ஸில் வைத்தாள். “அந்த எடை போடுற ஆள் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?” என்றாள்.