துணிக்குள்ளேயே இருக்கும் நூல்

ஊதுபத்தி நெருப்பு பட்டுப் பட்டுப்புடவையில் மிளகளவு ஓட்டை விழுந்துவிட்டது, வீட்டிலேயே சரிசெய்யலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்யலாம். புடவை பாலிஷ் கடைகளில் 'டார்னிங்' என்று எழுதிவைத்திருப்பது இந்த வேலையைத்தான். வடக்கே ரஃபூ என்பார்கள்.

ஓட்டையின் ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைத்தால் துணி சுருக்கிக்கொள்ளும். டார்னிங்கில் அந்த இடத்தில் புதிதாகத் துணியே நெய்கிறோம். தறிக்குப் பதில் ஊசி. கயிற்றுக் கட்டில் பின்னியவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். முதலில் நெடுக்கே இழைகளை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுக்கு மேல், ஒன்றுக்குக் கீழ். ஓட்டைக்கு அரை சென்டிமீட்டர் முன்னாலேயே, நல்ல துணியில் தொடங்க வேண்டும். முடிச்சு கூடாது. திரும்பும் இடங்களில் சின்ன வளையம் விட்டுவைத்தால், துவைத்து நூல் சுருங்கினாலும் துணியை இழுக்காது.

எனக்குத் தீராத வியப்பு, இதற்கான நூல்தான். கடையில் விற்கும் தையல் நூல் ஆகாது. இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கியது அது. நைந்த துணியை அறுத்துவிடும். போட்ட ஒட்டு நிற்கும், சுற்றியுள்ள துணி போய்விடும். அதனால் கைதேர்ந்தவர்கள் அந்தத் துணியிலிருந்தே நூலை உருவுகிறார்கள். மடித்துத் தைத்த விளிம்பு, தையலுக்குள் ஒளிந்திருக்கும் பகுதி, எங்கே கிடைத்தாலும் சரி. தடிமன், முறுக்கு எல்லாம் பொருந்திப் போகும். காஷ்மீரின் ரஃபூகர்களை வெறும் பழுது பார்ப்பவர்கள் என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் ஒரே கானி சால்வையின் துண்டுகளைப் பல தறிகளில் நெய்து, இவர்களிடம் கொடுத்துத்தான் இணைத்தார்கள்.

தெருமுனைத் தையல்காரர்கள் முன்பு பள்ளிச் சீருடைக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பார்கள், பிள்ளை வளருமே என்று. கிழிந்தால் நூல் உருவவும் அதுவே உதவியது. இன்றைய ரெடிமேட் சட்டைகளைப் புரட்டிப் பாருங்கள்: ஓவர்லாக் ஓட்டியதோடு சரி, உருவ ஓர் இழை கிடையாது. பழுது பார்க்கவே கூடாது என்று தீர்மானித்துத் தைத்ததுபோல இருக்கிறது. கிழித்தே விற்கும் ஜீன்ஸைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வாசகிக்கு: ரவிக்கை தைத்தபோது மிஞ்சிய துண்டு இருந்தால் நூல் கவலை விட்டது. கருகிய ஓரத்தை விரலால் மெல்லத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இருப்பதிலேயே மெல்லிய ஊசியாக எடுங்கள். பழைய பருத்தி வேட்டியில் பழகிவிட்டுப் பட்டுக்கு வாருங்கள். வேட்டியில் இழைகள் தடிப்பு, கண்ணுக்குத் தெரியும். ஓட்டை சரிகையில் என்றால் மட்டும் கடைக்கே கொடுத்துவிடுங்கள்.