மூன்று சோடிக் கையுறைகள்

நார்வே நாட்டில், திரோன்ஹெய்ம் நகருக்கு அருகே செல்பு என்னும் ஊர் உள்ளது. 1857-ஆம் ஆண்டு அங்கே மாரித் எம்ஸ்தாத் என்னும் இளம்பெண் மூன்று சோடிக் கம்பளிக் கையுறைகளைப் பின்னினாள். பெருவிரலுக்குத் தனி இடமும், மற்ற நான்கு விரல்களுக்குப் பொது இடமும் கொண்டவை அவை. கறுப்பும் வெள்ளையுமாக எட்டிதழ் மலர் அவற்றில் பூத்திருந்தது. அவளும் சகோதரியர் இருவரும் அவற்றை அணிந்து கோவிலுக்குச் சென்றனர். கண்டவர் வியந்தனர், நாளடைவில் ஊரே அக்கலையைக் கற்றுக்கொண்டது.

ஆட்டு உரோமத்தைச் சிக்கெடுத்து, இராட்டையில் நூற்று, இழைகளை முறுக்கிச் சேர்த்த நூல் அது. பின்னும்போது ஒரு நிற நூல் முகப்பில் கண்ணியாக விழ, மற்றது உட்புறமாக ஓடுகிறது. இதனால் கையுறை இரட்டைத் தடிப்புப் பெற்றுக் கடுங்குளிரைத் தடுக்கிறது. அழகுக்காகச் சேர்த்த நூலே கதகதப்பையும் தருகிறது!

செல்பு ஆடவர் நெடுங்காலம் மலையில் எந்திரக்கல் வெட்டிப் பிழைத்தவர்கள். இருபதாம் நூற்றாண்டில் அத்தொழில் நலிந்தது. அப்போது பல வீடுகளில் அடுப்பெரியச் செய்தவை பெண்கள் பின்னிய கையுறைகளே. 1930-களில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் சோடிக்கு மேல் விற்பனையாயின. இன்று அவ்வூரின் சின்னத்திலேயே அம்மலர்கள் மூன்று இடம்பெற்றுள்ளன.

வீட்டுப் பெண்கள் மாலை வேளையில் ஊசியும் நூலுமாக அமர்ந்திருப்பதைக் காணும்போது, 'பொழுதுபோக்கு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பெண்ணின் கைவேலை ஓர் ஊரையே தாங்கியது என்பதை நினைவிற் கொள்வோமாக.