பழைய மேசைக் கணினியில் கம்பியற்ற வலையமைப்பு

பழைய மேசைக் கணினியில் கம்பியற்ற வலையமைப்பு என்பது, அவ்வசதி இன்றி உருவாக்கப்பட்ட கணினியில் வானலை ஏற்பி ஒன்றைப் பொருத்தி, அதனை வை-ஃபை வழியாக இணைக்கும் முறையாகும். 2000களில் விற்பனையான மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் ஈதர்நெட் துளை மட்டுமே இருந்தது.

தேவை

தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில், சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஏற்காட்டின் பழைய தோட்ட வீடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். தடித்த கற்சுவர்களைத் துளைத்துக் கம்பி இழுப்பது கடினம். ஆனால் அதே சுவர்கள் வானலைகளையும் வலுவிழக்கச் செய்கின்றன. ஆகவே, எந்த ஏற்பியை வாங்குவது என்பதைப் போலவே அதை எங்கு வைப்பது என்பதும் முக்கியமானது.

ஏற்பி வகைகள்

பிசிஐ அட்டை: தாய்ப்பலகையில் உள்ள பிசிஐ செருகுவாயில் பொருத்தப்படுவது. 2004க்குப் பின் வந்த தாய்ப்பலகைகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் பரவலானது. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. அட்டையைச் செருகுமுன் மின்கம்பியைக் கழற்றி, கணினியின் உலோக உறையைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்குதல் வேண்டும்.

யூஎஸ்பி ஏற்பி: கணினியைத் திறக்காமலே இணைக்கலாம். யூஎஸ்பி 1.1 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட்; யூஎஸ்பி 2.0 இல் இது 480 மெகாபிட்.

கம்பியற்ற பாலம்: ஈதர்நெட் துளையில் இணைக்கப்படும் தனிக் கருவி. கணினியில் கூடுதல் செலுத்தி மென்பொருள் தேவையில்லை என்பதால், மிகப் பழைய கணினிகளுக்கு இதுவே எளிய வழி.

இயங்குதளம்

ஏற்பியை இயக்கும் செலுத்தி மென்பொருள், கணினியின் இயங்குதளத்துக்குக் கிடைக்கிறதா என வாங்குமுன் அறிய வேண்டும். லினக்சில் அதெரோசு சில்லுகள் பலவற்றுக்கான செலுத்தி, 2008 இல் வெளியான 2.6.27 கருனி முதல் உள்ளடங்கியுள்ளது. ஏற்பியின் வணிகப்பெயரை விட, அதனுள் இருக்கும் சில்லின் பெயரே இங்கு கருதத்தக்கது. ஒரே பெயரில் விற்கப்படும் ஏற்பிகளில் வெவ்வேறு சில்லுகள் இருப்பதுண்டு.

வைக்கும் இடம்

2.4 கிகாஎர்ட்சு அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செ.மீ. ஆகும். ஈரமான சுவர்களும் அடர்ந்த இலைகளும் இவ்வலைகளை உறிஞ்சுகின்றன. உலோகம் இவற்றைத் தடுக்கிறது. கணினியின் பின்புறம், உலோக உறைக்கும் சுவருக்கும் இடையில் செருகப்பட்ட யூஎஸ்பி ஏற்பி இதனாலேயே சரிவர இயங்குவதில்லை. ஒன்றிரண்டு மீட்டர் நீட்டிப்புக் கம்பியால் அதனை மேசைமேல், கதவு அல்லது சன்னல் திறப்பை நோக்கி வைத்தால் இணைப்பு பெரிதும் மேம்படும். பிசிஐ அட்டைக்கு, கம்பியுடன் கூடிய தனி அன்டெனாவைப் பயன்படுத்தலாம்.

பாதுகாப்பு

டபிள்யூஇபி குறியாக்கத்தின் குறைபாடுகள் 2001 இலேயே வெளிப்பட்டன. 2004 இல் வந்த டபிள்யூபிஏ2 அல்லது அதற்குப் பிந்திய முறையையே பயன்படுத்த வேண்டும். பழைய அட்டை ஒன்றுக்காகத் திசைவியை டபிள்யூஇபிக்கு மாற்றினால், அத்திசைவியைப் பயன்படுத்தும் எல்லாக் கணினிகளின் பாதுகாப்பும் குறையும். அட்டையை மாற்றுவதே தக்கது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்றும் முடிவுற்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் பெறாத இக்கணினிகளை இணையத்தில் இணைப்பது இடர் மிக்கது. குறைந்த நினைவகத்தில் இயங்கும் லினக்சு வழங்கல் ஒன்றை நிறுவுவது பாதுகாப்பானது.

சட்டநிலை

இந்தியாவில் 2.4 முதல் 2.4835 கிகாஎர்ட்சு வரையான அலைக்கற்றையில், வரையறுக்கப்பட்ட குறைந்த திறனில் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என 2005 சனவரியில் விதி வெளியிடப்பட்டது. 5 கிகாஎர்ட்சு அலைக்கற்றைக்கான விலக்கு 2018 இல் விரிவாக்கப்பட்டது. எனவே வீட்டுப் பயன்பாட்டுக்குத் தனி அனுமதி பெற வேண்டியதில்லை.